பேசிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, கல்யாணமாகி, 2016-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக்கு வந்தவள். உங்கள் நாளிதழைத் தினமும் காலையில் போனில் படிக்கிறேன். ஊரில் என் அப்பா அதையே திண்ணையில் உட்கார்ந்து பேப்பராகப் படிக்கிறார். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், ஊரிலிருந்து அவர்களுக்குப் போனில் யோசனை சொல்லும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரு விஷயம் போய்ச் சேர வேண்டும் என்றால், உங்கள் பத்திரிகையை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் மகனுக்கு ஆட்டிசம். வயது 14. மிடில்செக்ஸ் கவுண்டியில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிறப்புக் கல்வி உதவி ஒன்றரை ஆண்டு தாமதமாகக் கிடைத்தது. நாங்கள் அக்கறை இல்லாமல் இருந்ததால் அல்ல, பள்ளியில் யாரும் கெட்டவர்களாக இருந்ததாலும் அல்ல. வாயால் கேட்டோம், எழுதிக் கேட்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

2017 நவம்பரில், அவன் கிண்டர்கார்டன் படித்தபோது, ஆசிரியையைச் சந்திக்க எங்களுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். மகன் வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஏதாவது பரிசோதனை செய்து பார்க்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் அன்பானவர்தான். "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள் அல்லவா, அவனுக்கு இங்கிலீஷ் இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள், வீட்டிலும் இங்கிலீஷ் பேசிப் பாருங்கள்" என்றார். ஊருக்குப் போன் செய்தால் என் மாமியார், "அவன் அப்பாவும் நாலு வயசு வரைக்கும் வாயைத் திறக்கலை, இப்ப பாரு" என்றார். இரண்டு பக்கமும் பொறு என்று சொன்னதால் பொறுத்தோம்.

அப்போது அவனிடம் இருபது முப்பது தமிழ்ச் சொற்கள் இருந்தன. தண்ணி, வேண்டாம், தூக்கு, பாட்டி, இன்னும். ஆசிரியை சொன்னபடி வீட்டில் தமிழை நிறுத்தினோம். எனக்குச் சரளமாக வராத மொழியில் என் பிள்ளையோடு பேச ஆரம்பித்தேன். வீடியோ காலில் பாட்டி ஒரு 'ஹலோ' சொல்லிவிட்டு அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பார். இவன் போன் திரையையே பார்த்துக்கொண்டு இருப்பான். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் வருவதில்லை, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் அப்படித்தான் என்று பின்னால் பேச்சுப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் சொன்னார். அன்று இரவு நான் அழுதேன். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை. உங்களிடம் யாராவது தாய்மொழியை நிறுத்தச் சொன்னால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

2019 ஜனவரியில், இங்கே எங்கள் பகுதி நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரத்தில், டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த ஒரு தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் என்னைப் போலத்தான் இங்கிலீஷ். என் மகனைப் பார்த்துவிட்டு, பள்ளியில் கேட்டாயா என்றார். கேட்டேன் என்றேன். எழுதிக் கேட்டாயா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் நீ இன்னும் கேட்கவே இல்லை என்றார். தன் போனில் வைத்திருந்த ஒரு கடிதத்தைக் காட்டினார், மூன்றே வரி. அதைப் பார்த்து நானும் எழுதினேன்.

என் கடிதத்தின் சாரம் இதுதான்: 'என் மகனுக்குச் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறதா என்று மதிப்பீடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். பேசுவது, சொன்னதைப் புரிந்துகொள்வது, மற்ற பிள்ளைகளோடு பழகுவது ஆகியவற்றில் எங்களுக்குக் கவலை இருக்கிறது. கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.' மேலே தேதி, பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு. கீழே என் கையெழுத்து, போன் நம்பர். பிரின்சிபாலுக்கும், டிஸ்ட்ரிக்ட்டில், அதாவது எங்கள் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தில், சிறப்புக் கல்வியைக் கவனிக்கும் அதிகாரிக்கும் ஈமெயிலில் அனுப்பினேன். பள்ளி அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்ட தேதியைப் போட்டு வாங்கி வந்தேன். அதில் நான்கு இலக்கணப் பிழைகள் இருந்தன என்று பின்னால் கணவர் சொன்னார். அதற்காகக் கடிதத்தை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அந்தத் தேதிதான் முக்கியம். நியூ ஜெர்சியில் எழுத்துமூலமான கோரிக்கை கைக்குப் போன நாளிலிருந்து 20 நாட்களுக்குள், மதிப்பீடு தேவையா என்று முடிவு செய்ய, பள்ளி பெற்றோரோடு கூட்டம் கூட்டியாக வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள் அந்தக் கணக்கில் வராது, ஆனால் கோடை விடுமுறை வரும். மதிப்பீட்டுக்கு நாம் சம்மதம் கொடுத்த பிறகு, மதிப்பீடு முடிந்து, பிள்ளை சிறப்புக் கல்விக்குத் தகுதி பெற்றால் அவனுக்கென்று ஒரு கல்வித் திட்டம் எழுதி, அது நடைமுறைக்கு வர 90 நாட்கள். மற்ற மாநிலங்களில் கணக்கு மாறும். மாநிலம் தனியாகக் காலக்கெடு வைக்கவில்லை என்றால், நாட்டின் பொதுச் சட்டப்படி சம்மதம் கொடுத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். நேரில் பேசிவிட்டு வந்தால் இந்த நாட்கள் எதுவும் ஓட ஆரம்பிக்காது. நாங்கள் 2017 நவம்பரில் பேசினோம், 2019 ஜனவரியில் எழுதினோம், மே மாதம் சேவை தொடங்கியது.

மதிப்பீட்டுக்குக் காசு கிடையாது. முதலில் டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் பள்ளி பார்க்கும் என்று பலர் நினைத்துக்கொண்டு நரம்பியல் நிபுணரின் அப்பாயின்ட்மென்ட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வேண்டியதில்லை. டாக்டர் ரிப்போர்ட் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டாலும் பள்ளிக்கு எழுதுங்கள். இரண்டும் தனித்தனிப் பாதை.

இங்கே மதிப்பீடு செய்யும் பள்ளிக் குழுவுக்கு சைல்டு ஸ்டடி டீம் என்று பெயர். ஒரு சைக்காலஜிஸ்ட், கற்றல் குறைபாடுகளைப் பார்க்கும் ஓர் ஆசிரியை, ஒரு சமூகப் பணியாளர். எங்கள் மகனுக்கு இவர்களோடு ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சேர்ந்தார். அவர்கள் எழுதும் ரிப்போர்ட் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் நம் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது நியூ ஜெர்சி விதி. வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன். அதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது: இரண்டு படிகள் உள்ள கட்டளையை இந்தக் குழந்தையால் பின்பற்ற முடியவில்லை என்று இருந்தது. தனி வகுப்பில் போடலாம் என்ற பரிந்துரையே அந்த வரியை வைத்துத்தான்.

கூட்டத்தில் மேசையைச் சுற்றி ஏழு பேர். மொழிபெயர்ப்பாளர் போனில் ஸ்பீக்கரில் இருந்தார், இலங்கைத் தமிழர். நான் பதற்றத்தில் பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாக ஆரம்பித்தபோது அவர், "அம்மா, அவசரப்படாதேங்கோ, ஆறுதலாத் தமிழிலேயே சொல்லுங்கோ, நான் சொல்லுறன்" என்றார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். இந்த நாட்டில் ஓர் அரசு அலுவலக அறையில் என் மொழியில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன்: "நீங்கள் எழுதியிருப்பது தவறு. 'ஷூவைக் கழற்றிவிட்டுப் பையைக் கொண்டு வந்து மேசை மேல வை' என்று தமிழில் சொன்னால் அவன் அப்படியே செய்வான். நீங்கள் இங்கிலீஷில் சொன்னால் அவனுக்குப் புரியவில்லை. புரியாததும் முடியாததும் ஒன்றா?"

ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். முடிந்தவரை குழந்தையின் தாய்மொழியில் மதிப்பீடு செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவரும் அதைச் சொல்லி, மொழிபெயர்ப்பாளரை வைத்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். பார்த்தார்கள். தமிழில் அவனுக்குப் புரிந்தது எவ்வளவு, இங்கிலீஷில் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதினார்கள். ஆட்டிசம் என்பது மாறவில்லை. ஆனால் தனி வகுப்புக்குப் பதில், மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உதவியாளர் ஒருவரோடு உட்கார வைத்தார்கள். உதவிகள் கொடுத்தும் முடியவில்லை என்றால்தான் மற்ற பிள்ளைகளிடமிருந்து பிரிக்கலாம் என்பதும் அதே சட்டம்.

அந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1975-க்கு முன் இந்த நாட்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு மூடியிருந்தது. பென்சில்வேனியாவிலும் வாஷிங்டனிலும் பெற்றோர்கள் வழக்குப் போட்டு 1972-ல் வென்றார்கள். அதைத் தொடர்ந்து 1975 நவம்பரில் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம்தான், 1990-ல் பெயர் மாறி, இன்று ஐ.டி.இ.ஏ., அதாவது மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம், என்று வழங்குகிறது. 3 வயதிலிருந்து 21 வயது வரை, இலவசமாக, அந்தக் குழந்தைக்குப் பொருத்தமான கல்வி. இன்று அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர், 70 லட்சத்துக்கும் மேல், இந்தச் சட்டத்தின் கீழ்தான் படிக்கிறார்கள். என் மகன் யாருடைய தயவிலும் படிக்கவில்லை. பெற்றோர் போராடி வாங்கிய உரிமையில் படிக்கிறான். நம்மவர்கள் அந்த அறைக்குள் கை கட்டி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

கடந்த நான்கு ஆண்டுகளாக, கூப்பிடும் தமிழ்த் தாய்மார்களோடு நான் இந்தக் கூட்டங்களுக்குத் துணைக்குப் போகிறேன். விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்ல பெற்றோருக்கு அனுமதி உண்டு. அங்கே திரும்பத் திரும்பப் பார்ப்பது கையெழுத்துக் குழப்பம். முதலில் வருகைப் பதிவுத் தாள் வரும். அதில் போடும் கையெழுத்து 'வந்தேன்' என்பதற்கு மட்டும்தான். திட்டத்துக்குச் சம்மதம் வேறு தாள். முதல் திட்டம் நம் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தொடங்க முடியாது. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். முதல் திட்டத்துக்குப் பிறகு வரும் மாற்றங்கள், நியூ ஜெர்சியில் 15 நாட்களுக்குள் நாம் ஆட்சேபிக்காவிட்டால், தாமாகவே நடைமுறைக்கு வந்துவிடும்.

அப்புறம், ஐ.இ.பி. எனும் அந்தத் திட்டத்தில் எங்கே பார்ப்பது. முப்பது பக்கம் வரும். எனக்கு நேரம் குறைவு என்றால் இரண்டு இடங்களை மட்டும் பார்ப்பேன். ஒன்று, சேவைகளுக்கான பக்கம். எங்கள் மகனுக்கு 'ஸ்பீச், வாரம் 2 முறை, 30 நிமிடம்' என்று இருந்ததைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் 'குழு' என்று ஒரு சொல் இருந்ததைக் கவனிக்கவில்லை. பேசவே பேசாத பிள்ளையை நான்கு பேரோடு உட்கார வைத்தால் அவன் அரை மணி நேரமும் சும்மா இருந்துவிட்டு வருவான். அடுத்த ஆண்டுதான் கேட்டு, ஒரு முறை தனியாக, ஒரு முறை குழுவில் என்று மாற்றினோம்.

இன்னொன்று, இலக்குகள். 'தொடர்பு கொள்ளும் திறன் மேம்படும்' என்று எழுதியிருந்தால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மேம்பட்டதா இல்லையா என்று யார் அளப்பது? 'உதவி வேண்டும்போது மூன்று சொல் வாக்கியத்தில் தானாகக் கேட்பான், ஐந்து சந்தர்ப்பங்களில் நான்கில்' என்று எழுதச் சொல்லுங்கள். இப்படி எழுதியிருந்தால் புராக்ரஸ் ரிப்போர்ட் வரும்போது நம்மால் கேள்வி கேட்க முடியும். 2017-ல் என்ட்ரூ என்ற ஆட்டிசம் உள்ள மாணவரின் வழக்கில், ஏதோ துளியளவு முன்னேற்றம் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கேற்ற முன்னேற்றத்துக்கு வழி செய்யும் திட்டமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கணவருக்கு இங்கிலீஷ் தெரியுமே, மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று சில பள்ளிகளில் கேட்கிறார்கள். அவரும் அங்கே தகப்பனாக வந்திருக்கிறார். மனைவிக்கு மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தால் அவர் எப்போது பேசுவார்? கூட்டத்தில் நடப்பது பெற்றோருக்குப் புரியும்படி செய்வது பள்ளியின் கடமை, அதற்கு மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டியதும் அவர்கள் செலவில்தான். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வது அதைவிடக் கொடுமை. தம்பியைப் பற்றிய அந்த ரிப்போர்ட் வரிகளை ஒரு பத்து வயதுப் பெண் தன் அம்மாவுக்குச் சொல்லும்படி ஆனதை நான் பார்த்திருக்கிறேன்.

கிரீன் கார்டு பயம் இன்னொன்று. எச்1பி விசாவில் இருக்கும் குடும்பங்களில், பிள்ளை பெயரில் இப்படி ஒரு பதிவு இருந்தால் நாளைக்குக் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வரும் என்று அப்பாக்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அரசு உதவியை நம்பி வாழ்பவரா என்று கிரீன் கார்டுக்கு முன் பார்ப்பதுதான் 'பப்ளிக் சார்ஜ்', பள்ளியில் பெறும் சிறப்புக் கல்வி 2022-ல் வந்த விதிப்படி அந்தக் கணக்கில் சேராது. பள்ளிப் பதிவுகளுக்கு 1974 முதலே தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விசா எதுவாக இருந்தாலும், விசாவே இல்லாவிட்டாலும், பிள்ளைக்கு அரசுப் பள்ளிக் கல்வி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இந்தப் பயத்தால் மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்ட ஒரு குழந்தையை எனக்குத் தெரியும். அந்த நான்கு ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தப் பள்ளிப் பாதை இல்லை. மாநிலத்தின் 'எர்லி இன்டர்வென்ஷன்' எனும் ஆரம்பகால உதவிப் பிரிவைக் கூப்பிட வேண்டும். அவர்களே வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அங்கிருந்து வரும் குழந்தை தகுதி பெற்றால், மூன்றாவது பிறந்தநாளுக்குள் பள்ளியின் திட்டம் தயாராக இருக்க வேண்டும்.

பள்ளியோடு ஒத்துவரவில்லை என்றால்? மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால் பள்ளியின் செலவில் வெளியாளிடம் மதிப்பீடு கேட்கலாம். பள்ளி அதற்குப் பணம் கொடுக்க வேண்டும், இல்லையேல் விசாரணைக்குப் போய்த் தன் மதிப்பீடு சரிதான் என்று நிரூபிக்க வேண்டும். கேட்டதை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அவர்கள் தந்தாக வேண்டும். இலவச சமரசப் பேச்சு உண்டு, மாநிலத்திடம் புகார் உண்டு, டியூ பிராசஸ் எனும் விசாரணை உண்டு. நியூ ஜெர்சியில் அந்த விசாரணையில் நிரூபிக்கும் பொறுப்பு பள்ளியுடையது என்று 2008-ல் சட்டமே போட்டார்கள். என் அனுபவத்தில் அதுவரை போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. கூட்டம் முடிந்த அன்று மாலையே, 'இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது' என்று ஒரு ஈமெயில் போட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

தனியாக நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றோருக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்று மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது. எங்கள் மாநிலத்தில் அது ஸ்பான் எனும் அமைப்பு. போனில் கேட்டால் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலும் செபாக் எனும் பெற்றோர் ஆலோசனைக் குழு இருந்தாக வேண்டும். எங்கள் டிஸ்ட்ரிக்ட்டின் கூட்டத்துக்கு நான் போக ஆரம்பித்தபோது தமிழர் நான் ஒருத்திதான். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் ஊர் இது.

சென்ற மாதம் என் மகனின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. 14 வயதானால் பள்ளிக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றியும் பேச ஆரம்பிக்க வேண்டும், அந்தப் பேச்சுக்குப் பிள்ளையையும் அழைக்க வேண்டும் என்பது இங்கே விதி. முதல் தடவையாக அவனே வந்து உட்கார்ந்தான். உனக்கு ஏதாவது மாற்ற வேண்டுமா என்று, அவன் திட்டத்தைப் பள்ளியில் கவனிக்கும் கேஸ் மேனேஜர் கேட்டார். வெகுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அப்புறம் இங்கிலீஷில், "மியூசிக் வகுப்பு நடக்கும்போது என்னை ஸ்பீச்சுக்குக் கூப்பிடாதீர்கள்" என்றான். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு செவ்வாயும் அவனை அந்த வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள், எனக்கே தெரியாது. அங்கேயே நேரத்தை மாற்றி எழுதினார்கள்.

ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். நான் மேலே சொன்ன மூன்று வரிக் கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு நாள் வெளியிடுங்கள். வெட்டி வைத்துக்கொள்ளும் அளவில் இருக்கட்டும். அப்படியே, இந்தக் கூட்டங்களில் புழங்கும் இருபது முப்பது சொற்களுக்கு எளிய தமிழில் விளக்கமும் வேண்டும். சொற்பட்டியலை நான் எழுதித் தருகிறேன். என்னோடு இரண்டு தாய்மார்களும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சரிபார்த்துத் தரத் தயாராக இருக்கிறார்கள். செப்டம்பரில் பள்ளி திறக்கும் முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மிடில்செக்ஸ் கவுண்டி, நியூ ஜெர்சி.